மலையிறங்கப் புறப்படுமுன்: விலையை அல்ல, எடையைப் பாருங்கள்

மலையேறுவதற்குத்தான் பலமும் பயிற்சியும் வேண்டும். இறங்குவதற்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் எம்மத்தியில் பலர். சைக்கிளில் மலையிறங்குவதையே விளையாட்டாகக் கொண்டவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால் அவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால், பிள்ளைகளை அந்த விளையாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்கும் பெற்றோரிடம் கேட்டால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

டவுண்ஹில் என்று அழைக்கப்படும் இந்த விளையாட்டில் ஓட்டுநர் தனது சைக்கிளுடன் லிஃப்டில் ஏறி மலையின் மேற்பகுதிக்குச் சென்று, வேர்களும் பாறைகளும் மேடுபள்ளங்களும் நிறைந்த வனப்பாதையொன்றின் வழியாகக் கீழே வருகிறார். பின்னர் மீண்டும் லிஃப்டில் ஏறுகிறார். பனிக்காலத்தில் பனிச்சறுக்கலுக்குப் பயன்படும் மலைகள் கோடையில் இவ்வாறு சைக்கிளோட்டிகளுக்குத் திறந்துவிடப்படுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள விஸ்லர், ஸ்கொட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம், பிரெஞ்சு அல்ப்ஸ் மலைப்பகுதியின் மோர்சீன் ஆகியவை இதற்குப் பேர்பெற்ற இடங்கள். அந்த நாடுகளிலே பிறந்து வளர்ந்த எமது உறவினர்களின் பிள்ளைகளில் சிலரும் அங்கு போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

முதற்பயணத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் கேட்கின்ற முதற் கேள்வி பெரும்பாலும் 'எந்தச் சைக்கிளை வாங்கலாம்' என்பதாகவே இருக்கிறது. கடைக்காரர்களும் சஞ்சிகைகளும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் பழகியிருக்கிறார்கள். பிள்ளையின் பாதுகாப்பை விலைகொடுத்து வாங்கிவிடலாம் என்று நம்பும் பெற்றோர், இரண்டு வேலை செய்து சேமித்த பணத்தில் பல ஆயிரம் டொலர் பெறுமதியான சைக்கிளை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால், அந்தச் சைக்கிளின் சஸ்பென்ஷன் பிள்ளையின் எடைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. சரிசெய்யப்படாத விலையுயர்ந்த சைக்கிளைவிடச் சரிசெய்யப்பட்ட சாதாரண சைக்கிளே முதற்பயணத்துக்கு உகந்தது என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. அந்தச் சரிசெய்தலை ஓட்டுநரின் தலையில் மாத்திரம் கட்டிவிடக்கூடாது. சைக்கிளை விற்பவருக்கும் வாடகைக்குக் கொடுப்பவருக்கும் அது கடமையாக இருக்கவேண்டும்.

இந்த விளையாட்டு சஸ்பென்ஷன் இல்லாமலேதான் தோன்றியது. 1976 ஒக்டோபர் 21 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபெயார்பக்ஸ் நகருக்கு அருகேயுள்ள மலையொன்றில் இளைஞர்கள் சிலர் பழைய, தடித்த ரயர் சைக்கிள்களில் ஒரு போட்டியை நடத்தினார்கள். சுமார் இரண்டு மைல் தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கின்ற பிறேக்கின் உள்ளே இருந்த கிறீஸ் ஓர் இறக்கத்திலேயே உருகிப் புகைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புதிய கிறீஸை அடைக்கவேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் றீபாக் என்ற பெயர் வந்தது. அதில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 செக்கன்களில் இறங்கியது இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. அந்தச் சைக்கிள்களில் அதிர்வைத் தாங்குவதற்கு ரயரையும் ஓட்டுநரின் கைகால்களையும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

மலைச் சைக்கிள்களுக்கான முன் ஷொக்குகளைத் தயாரிக்கும் றொக்ஷொக்ஸ் நிறுவனம் 1989 இல் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1990 இல், கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியத்தின் முதலாவது மலைச் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் நடைபெற்றபோது, ஆண்களுக்கான டவுண்ஹில் போட்டியில் வென்ற கிறெக் ஹேபோல்டின் சைக்கிளில் அந்த நிறுவனத்தின் போர்க் பொருத்தப்பட்டிருந்தது. அன்றைய போர்க் சுமார் 50 மில்லிமீற்றர் அளவே அமுங்கக்கூடியது. இன்றைய டவுண்ஹில் சைக்கிளின் போர்க் 200 மில்லிமீற்றர் அமுங்குகிறது. பின் சக்கரமும் ஏறக்குறைய அதே அளவுக்கு மேலும் கீழும் அசைகிறது. உலகக் கிண்ணப் போட்டிகள் 2002 இலிருந்தும் உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் 2007 இலும் 2023 இலும் நடைபெற்ற ஃபோர்ட் வில்லியம் பாதையில், சுமார் 2.8 கிலோமீற்றருக்குள் 550 மீற்றர் இறக்கத்தைக் கடக்க முடிவது இந்த முன்னேற்றத்தினாலேயே.

முன்னேற்றத்தோடு ஒரு சிக்கலும் கூடவே வந்தது. 50 மில்லிமீற்றர் அமுங்கும் போர்க்கைத் தவறாக வைத்திருந்தால் பெரிய கேடில்லை. அது கிட்டத்தட்ட இறுக்கமான போர்க் போலவே நடந்துகொள்ளும். 200 மில்லிமீற்றர் அமுங்கும் போர்க்கைத் தவறாக வைத்திருந்தால் சைக்கிளின் வடிவமே ஓடும்போது மாறிவிடுகிறது. முன்பகுதி அளவுக்கு மீறித் தாழும்போது ஓட்டுநரின் உடல் முன் சக்கரத்துக்கு மேலே போய்விடுகிறது. செங்குத்தான இறக்கத்தில் அந்த நிலையில் முன் பிறேக்கைப் பிடித்தால் நடப்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சஸ்பென்ஷன் என்பது இரண்டு காரியங்களின் கூட்டு. ஒன்று ஸ்பிரிங். அது உருக்குச் சுருளாக இருக்கலாம். அல்லது குழாய்க்குள் அடைக்கப்பட்ட காற்றாக இருக்கலாம். ஓட்டுநரின் எடையைத் தாங்குவதும் அடியை வாங்குவதும் அதன் வேலை. மற்றையது அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகின்ற எண்ணெய். சிறிய துளைகளினூடாக எண்ணெய் தள்ளப்படும்போது அடியின் சக்தி வெப்பமாக மாறிப் போய்விடுகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் சைக்கிள் பந்தைப்போலத் துள்ளிக்கொண்டேயிருக்கும். அமுங்கும்போது எண்ணெய் கொடுக்கும் எதிர்ப்பைக் கொம்பிரஷன் என்றும், மீண்டெழும்போது கொடுக்கும் எதிர்ப்பை றீபவுண்ட் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டிக் குறைப்பதற்குச் சிறிய குமிழ்கள் இருக்கின்றன. பெரும்பாலான சைக்கிள்களில் சிவப்புக் குமிழ் றீபவுண்டுக்கும் நீலக் குமிழ் கொம்பிரஷனுக்கும் உரியவை.

ஓட்டுநர் சைக்கிளில் ஏறியதும் அவரது எடையினாலேயே சஸ்பென்ஷன் ஓரளவு அமிழும். இதை ஸாக் என்பார்கள். அமிழ்வு என்று நாம் சொல்லலாம். சக்கரம் பள்ளத்தினுள் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கு இந்த அமிழ்வு தேவை. டவுண்ஹில் சைக்கிளின் பின் ஷொக்கில் மொத்த அசைவின் 25 முதல் 35 சதவீதம் வரையும், முன் போர்க்கில் 15 முதல் 20 சதவீதம் வரையும் அமிழ்வு இருப்பது பொதுவான நடைமுறை. முன்பக்கத்தில் சிலர் 25 சதவீதம் வரை போவதுமுண்டு. இறக்கத்தில் உடலின் பாரம் முன்னோக்கிச் சரிவதால் முன்பகுதி சற்று இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். எல்லாச் சரிசெய்தல்களும் இந்த அளவிலிருந்தே தொடங்குகின்றன. இதை எடுக்காமல் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எடைக்குத் தக்க காற்று என்பது எமக்குப் புதிய பாடமும் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சைக்கிளே பாரவண்டியாகவும் நோயாளர் வண்டியாகவும் இருந்தது. கரியரில் நெல்மூட்டை ஏற்றப்போகிறவர் பின் ரயருக்குக் காற்றடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டே புறப்படுவார். வெறும் சைக்கிளில் கோயிலுக்குப் போகிறவர் அவ்வளவு காற்று வைக்கமாட்டார். அவர்களில் எவரும் அமுக்கமானி வைத்திருக்கவில்லை. பாரமும் காற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பதை மாத்திரம் அறிந்திருந்தார்கள். பல ஆயிரம் டொலர் சைக்கிளை வாங்கும் வாடிக்கையாளர் இன்று அந்த எளிய அறிவைக் கடையின் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்.

சில கோடைகளுக்கு முன்னர் வான்கூவரில் வசிக்கும் எனது தமையனாரின் குடும்பத்துடன் விஸ்லரில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். அங்குள்ள மலைச் சைக்கிள் பூங்கா 1999 இல் தொடங்கப்பட்டது. எனது பெறாமகளுக்கு அதுவே முதலாவது டவுண்ஹில் பயணம். அவளது எடை 50 கிலோகிராம். சைக்கிளை வாடகைக்கு எடுத்த கடையில் உயரத்தைக் கேட்டார்கள். கடன் அட்டையைக் கேட்டார்கள். விபத்து ஏதும் நேர்ந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று கூறும் நீண்ட பத்திரமொன்றில் கையொப்பம் வாங்கினார்கள். எடையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பெறாமகள், அதன்மேல் ஏறி நின்றுவிட்டு மெதுவாக இறங்கி, "சித்தப்பா, இந்த வளையத்தைப் பாருங்கோ" என்று காட்டினாள். 70 மில்லிமீற்றர் அசையக்கூடிய பின் ஷொக்கில் றப்பர் வளையம் 11 மில்லிமீற்றரில் நின்றது. அதாவது 16 சதவீதம்கூட இல்லை. 21 மில்லிமீற்றர் இருந்திருக்கவேண்டும்.

அவள் திரும்பிப்போய்க் கேட்டபோது, முதல்நாள் ஓட்டுவோருக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றும், எல்லோருக்கும் பொருந்தும்படியே வைத்திருக்கிறோம் என்றும் பதில் கிடைத்தது. அந்த இளைஞர் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. பம்பை மட்டும் இரவல் கொடுத்தார். வெளியே வாங்கொன்றில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, மீண்டும் ஏறி இறங்கி, நான்காவது தடவையில் 21 மில்லிமீற்றருக்கு வந்தாள். றீபவுண்டையும் அதற்கேற்ப மாற்றினாள். எல்லாமாகப் பதினைந்து நிமிடங்கள் ஆகியிருக்கும். பழகிய கைக்கு ஐந்து நிமிடங்கள் போதும். பொறுப்பு விலக்குப் பத்திரத்தை வாசித்துக் கையொப்பமிட எடுத்த நேரத்தைவிட அது குறைவு.

எல்லோருக்கும் பொருந்தும்படி என்ற சொற்களைத்தான் நான் ஏற்கமறுக்கிறேன். எல்லோருக்கும் பொருந்துகின்ற அமுக்கம் என்று ஒன்று கிடையாது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் கற்பனையான சராசரி மனிதர் ஒருவர் நிற்கிறார். அவர் நடுத்தர எடையுள்ள ஆணாகவே பெரும்பாலும் இருக்கிறார். 50 கிலோகிராம் எடையுள்ள பெண்ணும் 95 கிலோகிராம் எடையுள்ள ஆணும் அந்தக் கற்பனை மனிதரின் சைக்கிளிலேயே மலையிறங்குகிறார்கள். எடை குறைந்தவரின் சைக்கிள் ஒவ்வொரு கல்லிலும் தூக்கியெறிகிறது. சக்கரம் தரையில் நிற்பதில்லை. தரையில் நிற்காத சக்கரத்தில் பிறேக் பிடித்தும் பயனில்லை. எடை கூடியவரின் சைக்கிள் பெரிய அடியொன்றில் அடித்தட்டில் மோதி நிற்கிறது. இருவரும் விழுந்தால், 'அனுபவம் போதாது' என்று சொல்லப்படும்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறவேண்டும். 'வேகக்கட்டுப்பாட்டை இழந்து' என்ற சொற்றொடர் எமது செய்திகளில் எத்தனை ஆயிரம் தடவைகள் அச்சாகியிருக்கும் என்று கணக்கில்லை. கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்று அந்தச் சொற்றொடர் கேட்பதில்லை. ரயர் தேய்ந்திருந்ததா, பிறேக் பார்க்கப்பட்டதா, பாரம் அளவுக்கு மீறியதா என்ற கேள்விகளை எல்லாம் அது மூடிவிடுகிறது. மலைச் சைக்கிள் விபத்திலும் அதுவே நடக்கிறது. காறை எலும்பு முறிந்த இளைஞனிடம் எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்கிறார்கள். எவ்வளவு காற்று வைத்திருந்தாய் என்று கேட்பதில்லை.

முதற்பயணம் போகிறவர் செய்யவேண்டியது அப்படியொன்றும் கடினமானதல்ல. வீட்டிலேயே செய்துகொண்டு போவது நல்லது. லிஃப்டின் வரிசையில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலையல்ல இது. தேவைப்படுபவை ஷொக்குக்கென்றே விற்கப்படும் உயரமுக்கப் பம்ப், அளவுகோல், சிறிய குறிப்புப் புத்தகம், உதவிக்கு ஒருவர். சாதாரண ரயர் பம்ப் இதற்கு உதவாது. சதுர அங்குலத்துக்கு 300 இறாத்தல் வரை கொடுக்கக்கூடிய ஷொக் பம்ப், சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமானது.

முதலில் ரயரின் காற்றைப் பார்க்கவேண்டும். ரயர்களும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதியே. டவுண்ஹில் ரயர்களில் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 இறாத்தல் வரை வைக்கிறார்கள். எடை குறைந்தவர் கீழ்ப்பக்கத்திலும் எடை கூடியவர் மேற்பக்கத்திலும் தொடங்கலாம். அடுத்து, மலையில் எப்படிப் போவீர்களோ அப்படியே உடுத்திக்கொள்ளவேண்டும். முழுமுகத் தலைக்கவசம், முழங்கால் காப்பு, சப்பாத்து, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்து சில கிலோகிராம் ஆகிவிடும். கொம்பிரஷன் குமிழ்களை முழுமையாகத் திறந்துவிட்டு, உற்பத்தியாளரின் அட்டவணையில் உங்கள் எடைக்கு எதிரே உள்ள அமுக்கத்தை வையுங்கள். சில போர்க்குகளின் காலிலேயே அந்த அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். பின்னர் சஸ்பென்ஷனை மெதுவாகப் பல தடவைகள் அமுக்கி எழவிடுங்கள். உள்ளே இரண்டு காற்றறைகள் இருப்பதால் அவை சமநிலைக்கு வருவதற்கு இது அவசியம். பம்பைக் கழற்றும்போது கேட்கும் 'உஸ்' சத்தம் பம்பின் குழாயிலிருந்த காற்றே. ஷொக்கிலிருந்து காற்று போய்விட்டது என்று பதறவேண்டியதில்லை.

இப்போது நண்பர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பெடல்களின்மேல் எழுந்து நின்று, மலையிறங்கும்போது இருப்பதைப் போலவே முழங்கால்களையும் முழங்கைகளையும் மடித்து நில்லுங்கள். கதிரையில் அமர்வதைப்போல இருக்கையில் அமர்ந்து எடுக்கும் அளவு பொய்யான அளவாகும். நண்பர் றப்பர் வளையங்களைக் கீழே தள்ளிவிட்டதும் குலுக்காமல் இறங்குங்கள். வளையம் நின்ற இடத்தை அளவுகோலால் அளந்து மொத்த அசைவோடு ஒப்பிடுங்கள். 200 மில்லிமீற்றர் போர்க்கில் 40 மில்லிமீற்றர் என்றால் 20 சதவீதம். அமிழ்வு கூடுதலாக இருந்தால் காற்றைக் கூட்டவேண்டும். குறைவாக இருந்தால் குறைக்கவேண்டும். பின் ஷொக்கில் உருக்குச் சுருள் இருந்தால் காற்றால் மாற்ற முடியாது. அப்போது உங்கள் எடைக்குரிய சுருளையே கடையில் கேட்டுவாங்கிப் பொருத்தவேண்டும். சுருளின் மேலுள்ள வளையத்தை இறுக்கிக்கொண்டே போவதால் சுருளின் பலம் கூடிவிடாது. இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கவேண்டியிருந்தால் அது உங்களுக்குரிய சுருள் அல்ல.

அமிழ்வு சரியானதன் பின்னரே றீபவுண்டுக்கு வரவேண்டும். காற்று கூடினால் ஸ்பிரிங் அதிக வேகத்துடன் எழும். அதை அடக்குவதற்கு எண்ணெயின் எதிர்ப்பும் கூடவேண்டும். ஆகவே காற்றை மாற்றியவர் றீபவுண்டை மாற்றாமல் விடுவது அரைகுறை வேலை. குமிழை முழுமையாக மூடி, அங்கிருந்து சொடுக்குகளை எண்ணிக்கொண்டு நடுப்பகுதிக்குத் திறந்துவையுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி நடைபாதையின் விளிம்பிலிருந்து வீதிக்கு இறங்கிப் பாருங்கள். பின்பகுதி ஒரு தடவை எழுந்து அடங்கினால் ஏறக்குறையச் சரி. இரண்டு மூன்று தடவை ஊசலாடினால் அது அதிவேகம். எழுவதற்கே சோம்பினால் அது மந்தம்.

மந்தமான றீபவுண்ட் மென்மையாகவும் பாதுகாப்பாகவும் இருப்பதுபோலத் தோன்றும். புதியவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். மலையில் அது ஆபத்தாக மாறுவதற்குக் காரணம் உண்டு. லிஃப்ட் உள்ள பூங்காக்களில் நாளொன்றுக்கு ஏராளமானோர் ஒரே வளைவுக்கு முன்னால் பிறேக் பிடிப்பதால், கோடையின் நடுப்பகுதியில் வளைவுகளுக்கு முன்னால் மண் அலையலையாகத் திரண்டுவிடும். ஓர் அலையில் அமுங்கிய சஸ்பென்ஷன் முழுமையாக எழுவதற்கு முன்னரே அடுத்த அலை வருகிறது, பின்னர் அதற்கடுத்தது. நான்கைந்து அலைகளில் சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடுகிறது. 200 மில்லிமீற்றர் சைக்கிள், மிகத் தேவையான அந்த இடத்தில், சஸ்பென்ஷன் இல்லாத றீபாக் காலத்துச் சைக்கிளாகிவிடுகிறது. கைகள் கல்லாக இறுகி விரல்கள் பிறேக்கைப் பிடிக்க மறுப்பதும் அங்கேதான்.

மலையை அடைந்ததும் இலகுவான பாதை ஒன்றையே மூன்று நான்கு தடவைகள் இறங்கவேண்டும். விஸ்லரில் பச்சை நிறக் குறியிட்ட 'ஈஸி டஸ் இட்' போன்ற பாதை அதற்கு உகந்தது. உலகப் புகழ்பெற்ற 'ஏ லைன்' பாதை கறுப்புக் குறியிட்டது, அது முதல்நாளுக்குரியதல்ல. ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் றப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இலகுவான பாதையிலேயே அது அந்தத்தைத் தொட்டிருந்தால் காற்றைச் சற்றுக் கூட்டலாம். நாள் முழுவதும் பாதியைத் தாண்டவில்லை என்றால் சற்றுக் குறைக்கலாம். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும், மாற்றியதை எழுதிவைக்கவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியவராது.

இதற்கு எதிரான வாதங்களையும் பார்க்கலாம். முதல்நாள் ஓட்டுபவருக்கு இந்த நுணுக்கங்கள் புரியாது, அவர் ஓடிப் பழகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது முதலாவது வாதம். கொம்பிரஷனில் ஒரு சொடுக்கு வித்தியாசம் அவருக்குப் புரியாது என்பது உண்மையே. நான் பேசுவது அதைப் பற்றியல்ல. 16 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவரது மணிக்கட்டு உணரும். அது சைக்கிளின் குறை என்பதை மாத்திரம் அவர் அறியமாட்டார். தனக்குத் திறமை இல்லை, பயம் அதிகம் என்று எண்ணிக்கொள்வார். பழகியவர் கெட்ட அமைப்பையும் சமாளித்து இறங்கிவிடுவார். சமாளிக்கும் திறமை இல்லாதவருக்குத்தான் சரியான அமைப்பு அதிகமாகத் தேவைப்படுகிறது.

வெற்றிவீரர்களின் அளவுகளையே வைத்துக்கொள்ளலாமே என்பது இரண்டாவது வாதம். உலகக் கிண்ணப் போட்டியாளர்களின் சைக்கிள் அமைப்புகள் சஞ்சிகைகளிலும் காணொளிகளிலும் வெளிவருகின்றன. இளைஞர்கள் அவற்றை அப்படியே பிரதி செய்கிறார்கள். அந்த வீரர்கள் பாறைகளில் மோதும் வேகத்துக்கும் பாய்ந்து விழும் உயரத்துக்கும் ஏற்ப மிகவும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் பாதியைக்கூட எட்டாதவருக்கு அது மரப்பலகையில் சவாரி செய்வது போன்றதாகும்.

புதிய மாதிரிகளை வாங்குவதே தீர்வு என்ற மூன்றாவது வாதத்தை வாதம் என்பதைவிட வியாபாரம் என்பதே பொருந்தும். அண்மைக்காலச் சஸ்பென்ஷன்கள் முன்னையவற்றைவிடச் சிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், குமிழ்கள் கூடக்கூடத் தவறாக வைப்பதற்கான வழிகளும் கூடுகின்றன. பராமரிப்பு வேறு விடயம். போர்க்கின் கீழ்க்கால்களை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை திறந்து துப்புரவாக்கி எண்ணெய் மாற்றவேண்டும் என்று றொக்ஷொக்ஸ் நிறுவனம் அறிவுறுத்தி வந்திருக்கிறது. ஒரு கோடையில் வாடகைச் சைக்கிளொன்று எத்தனை 50 மணித்தியாலங்களைக் கடக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எண்ணெய் வற்றிய புதிய மாதிரியைவிட எண்ணெய் மாற்றிய பழைய மாதிரி மேலானது.

ஆகவே, வாடகைக் கடைகள் ஒரு விதியைக் கடைப்பிடிக்கவேண்டும் என்பது எனது கருத்து. வாடிக்கையாளர் முழு உடுப்புடன் ஏறி நின்று, அமிழ்வு அளந்து காட்டப்படாமல் எந்த டவுண்ஹில் சைக்கிளும் கடையைவிட்டு வெளியேறக்கூடாது. அந்த எண்ணை அவரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். பனிச்சறுக்கல் கடைகளில் பாதணியைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டை, சறுக்குபவரின் எடை, உயரம், அனுபவம் எல்லாவற்றையும் கேட்டே சரிசெய்து கொடுக்கிறார்கள். விழும்போது பூட்டு விடுபடாவிட்டால் கால் முறிந்துவிடும் என்பதால் அந்த வழக்கம் நிலைபெற்றது. குளிர்காலத்தில் செய்கின்ற அதே கவனத்தைக் கோடையில் அதே மலையில் செய்வதற்கு என்ன தடை இருக்கமுடியும்? வரிசை நீளுகிறது என்பது ஏற்கத்தக்க பதிலல்ல. பொறுப்பு விலக்குப் பத்திரத்துக்கும் அதே வரிசைதான்.

சஸ்பென்ஷனைச் சரிசெய்துவிட்டால் விபத்தே நேராது என்று நான் கூறவில்லை. நல்ல பிறேக்கும் முழுமுகத் தலைக்கவசமும் பயிற்றுநரிடம் பெறும் ஒருநாள் பாடமும் அதனளவுக்கு முக்கியமானவை. இருக்கையைத் தாழ்த்தாமல், பார்வையைத் தூரத்தில் வைக்காமல் இறங்குபவரை எந்தப் போர்க்கும் காப்பாற்றாது. ஆனால், அவை எல்லாவற்றைப் பற்றியும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. காற்றமுக்கத்தைப் பற்றி எந்தப் பலகையையும் நான் காணவில்லை.

உங்கள் பிள்ளையோ மருமகனோ அடுத்த கோடையில் முதற்தடவையாக மலையிறங்கப் போவதாகச் சொன்னால், எந்தச் சைக்கிள், என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். முன்னால் எத்தனை சதவீதம், பின்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். இரண்டு எண்களைப் பதிலாகச் சொன்னால் போய்வரட்டும். எண்கள் வராவிட்டால் அளவுகோலையும் பம்பையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள். சைக்கிளைப் பிடித்துக்கொள்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அதை நீங்களே செய்யலாம்.